பளிக்கறை முதல் பளிங்குத் தரை வரை

மணிமேகலைக் காப்பியத்தில் உவவனம் என்றொரு பூஞ்சோலை வருகிறது. மலர் கொய்ய வந்த மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் அங்கே வந்துவிடுகிறான். உடன் இருந்த சுதமதி, மணிமேகலையை அருகிலிருந்த பளிக்கறைக்குள் புகுந்துகொள்ளச் செய்கிறாள். அந்த அறைக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. உள்ளே எழும் ஓசையை அது வெளியே விடாது. ஆனால் உள்ளே நிற்பவரின் உருவத்தை வெளியே காட்டிவிடும்! ஒளிந்துகொள்ள இதைவிடப் பொருந்தாத இடம் உண்டா என்று காப்பியத்தைப் படித்த நண்பர்கள் பலரும் சிரித்திருப்பார்கள்.

பளிங்கால் ஆன அறை பளிக்கறை. அப்படியென்றால் அந்தப் பளிங்கு எது? இன்று நாம் வீட்டுத் தரைக்குப் போடும் பளிங்கு நிச்சயமாக அது இல்லை. கடையில் வாங்கும் பளிங்குப் பலகைக்குப் பின்னால் ஒருவர் நின்றால் அவர் முகம் தெரியப்போவதில்லை. காப்பியம் சொல்வது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் படிகத்தை. வடமொழியின் ஸ்படிகம் என்ற சொல்லுக்கும் நம் பளிங்குக்கும் உறவு சொல்வார்கள். பழந்தமிழ்ப் பளிங்கு படிகக்கல். பின்னாளில் வேறொரு கல் நம் வீடுகளுக்குள் வந்தபோது, அதன் ஒளியைக் கண்டு மயங்கிய நாம் பழைய பெயரை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டோம். வெளுத்த துணிபோல் வெள்ளையாக இருப்பதால் சலவைக்கல் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

பெயர் மாறிப்போவதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். சொல்லாராய்ச்சியோடு நிற்கும் வரையில் நட்டம் ஏதுமில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும் குடும்பம் ஒளியை மட்டும் பார்த்துக் கல்லை வாங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பளிங்குத் தரை வீட்டுக்குள் வந்த கதை நெடியது. அந்தக் கதையில் ஒளிக்கு மயங்கியவர்களும் உண்டு. கல்லின் குணம் அறிந்து அதற்குரிய இடத்தில் அதை வைத்தவர்களும் உண்டு. இக்கட்டுரையில் இரு சாராரையும் காண்போம்.

கல்லின் குணம்

வரலாற்றுக்குள் நுழையும் முன் கல்லைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். பளிங்கு பிறப்பால் சுண்ணாம்புக்கல். பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி, அதன் துகள்கள் மீண்டும் படிகங்களாகக் கோத்துக்கொள்ளும்போது அது பளிங்காகிறது. மெருகேற்றிய பளிங்கின் மேல் விழும் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை. சிறிது உள்ளே புகுந்து, படிகங்களில் சிதறி வெளியே வருகிறது. பளிங்குக்கே உரிய அந்த மென்மையான பொலிவின் இரகசியம் இதுதான்.

பொலிவைத் தரும் அதே வேதிப்பொருளே அதன் பலவீனமும் ஆகும். பளிங்கில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், தயிர், காடி என்று புளிப்பு எது பட்டாலும் அது கரையத் தொடங்கும். கறை படிவது வேறு. இங்கே கல்லின் மேற்பரப்பே அரிக்கப்படுகிறது. எவ்வளவு துடைத்தாலும் அந்த மங்கல் போகாது. மீண்டும் இழைத்தால்தான் உண்டு.

இரண்டாவது பலவீனம் மென்மை. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கின் கனிமமான கால்சைட்டுக்கு எண் 3. நம் தெருமணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸுக்கு எண் 7. செருப்போடு உள்ளே வரும் ஒவ்வொரு மணலும் பளிங்கின் மேல் ஓர் உளிதான். நம் கோயில்களைத் தாங்கும் கருங்கல்லில் இந்தக் குவார்ட்ஸும் அதற்குச் சற்றே மென்மையான ஃபெல்ட்ஸ்பாரும் இருப்பதால், ஆயிரம் ஆண்டுகளாகப் பக்தர்களின் கால்கள் பட்டும் அது தாக்குப்பிடிக்கிறது.

புளிப்பு, மணல் ஆகிய இந்த இரண்டு எதிரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதை முழுவதிலும் இவர்கள் வருவார்கள்.

ரோமானியர் வாசற்படி

வீட்டுத் தரையில் பளிங்கு போடுவது ஆடம்பரமா என்ற விவாதம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலின் 36-ஆம் பகுதியில் கற்களைப் பற்றி எழுதும்போது இதற்காகவே நிறையப் புலம்புகிறார். கி.மு. 78-இல் ரோமின் கான்சலாக இருந்த லெப்பிடஸ், நுமிடியா நாட்டுப் பளிங்கைக் கொண்டுவந்து தம் வீட்டு வாசற்படிக்குப் போட்டாராம். அதற்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளானார் என்கிறார் பிளினி. வெறும் வாசற்படிக்கு! அடுத்த தலைமுறையில் ஜூலியஸ் சீசரின் படையில் பொறியியல் பணிகளுக்குத் தலைவராக இருந்த மாமுர்ரா, சீலியன் குன்றிலிருந்த தம் வீட்டின் சுவர்களுக்கே பளிங்குப் பலகைகளைப் பதித்தார். அவருடைய வீட்டுத் தூண்களும் முழுப் பளிங்கு. அவற்றுக்குப் பயன்பட்ட கற்களில் ஒன்று லூனா பளிங்கு.

லூனா என்பது இத்தாலியின் வடமேற்குக் கரையில் இருந்த பழைய துறைமுகம். அதன் பின்னணியில் நிற்கும் அபுவான் மலையில் வெட்டப்பட்ட கல்லுக்குத் துறைமுகத்தின் பெயரே வழங்கியது. இன்று அதே கல்லை நாம் அருகிலுள்ள ஊரின் பெயரால் கராரா என்கிறோம். உரோமப் பேரரசு மறைந்தது, லூனா துறைமுகம் மண்மூடிப்போனது. குவாரிகள் மட்டும் இன்றும் இயங்குகின்றன.

பிளினியின் புலம்பலைவிட, கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸின் குறிப்புகள் நமக்கு அதிகம் பயன்படும். கட்டடக்கலை பற்றிய தமது நூலின் ஏழாம் பகுதியைத் தரையிலிருந்தே அவர் தொடங்குகிறார். முதலில் மண் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து மட்டப்படுத்த வேண்டும். அதன்மேல் கைப்பிடிக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அடுத்து, மூன்று பங்கு உடைகல்லுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து கொட்டி, ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் இடித்து இறுக்க வேண்டும். இடித்து முடித்த பிறகும் அது முக்கால் அடிக்குக் குறையக் கூடாது. அதற்கும் மேலே, மூன்று பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்த கலவை ஆறு விரற்கடை உயரத்துக்கு வர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே வெட்டிய பளிங்குத் துண்டுகளைப் பதிக்கலாம். பதித்தபின் ஏற்ற இறக்கம் கையில் தட்டாதவரை தேய்த்து இழைக்க வேண்டும்.

உரோமானிய அளவுகளை இன்றைய கணக்கில் மாற்றிக் கூட்டிப் பார்த்தோம். அடிக்கற்களையும் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியும் பளிங்கின் கீழே கண்ணுக்குத் தெரியாத வேலை கிட்டத்தட்ட ஒரு முழம்! கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பொம்பெயி, ஹெர்குலேனியம் நகரங்களில் பளிங்குத் தரைகள் இன்றும் கிடக்கின்றன என்றால், பளிங்கின் பெருமையைப் பாடுவதோடு அதன் கீழே இருந்த சுண்ணாம்புக்கும் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சுர்க்கிக் கலவை செய்த நம் பழைய கொத்தனார்களுக்கு விட்ருவியஸ் சொன்ன பக்குவம் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

வடக்கே பளிங்கு, தெற்கே கருங்கல்

நம் நாட்டில் பளிங்கு என்றதும் தாஜ்மகால் நினைவுக்கு வரும். 1632-இல் தொடங்கிய அந்தப் பணிக்கு வெள்ளைக்கல் கொடுத்தது ராஜஸ்தானத்து மக்ரானா. 1921-இல் திறக்கப்பட்ட கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அங்கிருந்தே கல் சென்றது. நெடுங்காலம் பளிங்கு தெய்வத்துக்கும் அரசனுக்கும் உரியதாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது வணிகர் இல்லங்களுக்குள் நுழைகிறது. கல்கத்தாவில் ராஜேந்திர மல்லிக் 1835-இல் கட்டிய மாளிகைக்கு, அதன் சுவரிலும் தரையிலும் இழைத்த பளிங்கினால் 'மார்பிள் பேலஸ்' என்பதே பெயராகிவிட்டது.

தமிழகத்தின் கதை வேறு. பல்லவரும் சோழரும் பாண்டியரும் குடைந்தும் அடுக்கியும் கட்டியவை பெரும்பாலும் கருங்கல் வகைகளால் ஆனவை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களை ஆங்கிலேயர் பளிங்கு என்று பெயரிட்டு அழைத்தார்கள். ஆனால் அவையும் உண்மையில் சுண்ணாம்புக்கல்லே. பெயர் ஏமாற்றும் வேலை இங்கேயும் நடந்திருக்கிறது பாருங்கள்!

வீட்டுத் தரைகளோ மிக எளியவை. சாணம் மெழுகிய மண்தரை, சுண்ணாம்பு இடித்த தரை, வசதியுள்ள வீடுகளில் கல் பாவிய முற்றம், பின்னாளில் சிமெண்டில் செங்காவி கலந்து இழைத்த சிவப்புத் தரை. இவற்றுக்கு நடுவே வெண்பளிங்கு கூட்டமாக வந்து இறங்கிய ஊர்கள் என்றால், முதலில் சொல்ல வேண்டியது செட்டிநாடு.

செட்டிநாட்டார் கணக்கு

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் ஈட்டிய செல்வம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் வீடுகளாக எழுந்தது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. கண்ணாடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. மக்ரானா நம் நாட்டிலேயே இருக்க இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? கடல் வணிகருக்குக் கப்பல் எட்டும் இடமெல்லாம் பக்கம்தான். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா இன்னும் நெருங்கிவந்தது. மலையிலிருந்து கல்லை இறக்க மரச்சட்டங்களின் மேல் சறுக்கிவிட்டும் மாடுகளைப் பூட்டியும் பாடுபட்ட கராராவிலும், 1876 முதல் 1890 வரை படிப்படியாக இரயில் பாதை போடப்பட்டது. கல் மலையிறங்குவதும் கடல் கடப்பதும் ஒரே தலைமுறையில் எளிதாயின.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுவோர் இந்த இறக்குமதிப் பட்டியலோடு நிறுத்திவிடுவது வழக்கம். நாங்கள் சிலர் காரைக்குடி வட்டாரத்து ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கியபோது எங்களைக் கவர்ந்தது வேறொன்று. பளிங்கு எங்கே இருந்தது என்பதைவிட, எங்கே இல்லை என்பது! விருந்தினரை வரவேற்கும் முகப்பிலும் கூடத்திலும் பளிங்கு இருந்தது. வெயிலும் மழையும் நேரே விழும் முற்றத்தில் கருங்கல் பாவியிருந்தார்கள். வளவைச் சுற்றிய நடைகளில் பூப்போட்ட ஓடுகள். நெருப்பும் புளியும் எண்ணெயும் புழங்கும் அடுப்படிப் பக்கம் பளிங்கின் சாயலே இல்லை.

பணம் இல்லாமலா அடுப்படிக்குப் பளிங்கு போடாமல் விட்டார்கள்? கல்லின் குணமும் வீட்டின் புழக்கமும் தெரிந்ததால்தான் என்று நாங்கள் கருதுகிறோம். முதல் எதிரியான புளிப்பு இரண்டாங்கட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டது. இரண்டாவது எதிரியான மணலைத் தெருவாசலிலேயே நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றிக் கால் கழுவி உள்ளே வரும் நம் வழக்கம், பளிங்குக்கு ரோமானியர் கொடுக்காத ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. வெறுங்காலுக்கு ஏற்ற கல் அது. கோடையில் குளிர்ந்திருக்கும் கல். பாய் விரிக்காமலே படுக்கலாம் என்று தோன்ற வைக்கும் கல்.

ஒரு வீட்டில் கூடத்தின் மூலையொன்றில் வட்ட வட்டமாய் மங்கிய தடங்களைக் கண்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டதற்கு, பழைய கல்யாணம் ஒன்றில் எலுமிச்சை சர்பத்துத் தம்ளர்களை அங்கே தரையில் வைத்துவிட்டார்கள் என்றார். அதன்பிறகு கூடத்தில் எந்தப் பானமும் தட்டில்லாமல் வைக்கக் கூடாது என்று அந்த வீட்டு ஆச்சி ஒரு சட்டமே போட்டுவிட்டாராம். கால்சியம் கார்பனேட் என்ற பெயர் அந்த ஆச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்லைத் தெரிந்திருந்தது.

அந்த ஊர்களிலேயே பளிங்குக்கு ஒரு பங்காளியும் பிறந்தது. அதுதான் ஆத்தங்குடி ஓடு. கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையும் இல்லை, எந்திர அழுத்தமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகத்தில் பதிந்துவிடுகிறது. நடக்க நடக்க அதன் மெருகு கூடும் என்பது அங்கு எல்லோரும் சொல்லும் பெருமை. சிமெண்டும் அமிலத்துக்கு அஞ்சும் பொருள்தான். ஆனால் ஓர் ஓடு கெட்டால் அதே ஊரில் அதே மாதிரி இன்னொன்றைச் செய்து பதிக்கலாம். இத்தாலிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறகு காற்று மாறியது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறியதில், கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் கால் பங்கு நகரத்தார் வசம் வந்து சேர்ந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. வீடுகளைக் கட்டிய வருவாய் வற்றியது. வாரிசுகள் பெருகிப் பல நகரங்களுக்குப் பிரிந்தார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, சில பிரிக்கப்பட்டன. தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியல் எந்த வீட்டுக்கும் கூரை வேய்ந்துவிடாது.

தூணைப் பெயர்த்து வேறு வீட்டில் நட்டாலும் அது தூணாகவே இருக்கும். தரை அப்படியன்று. முகப்பில் இந்தக் கல், முற்றத்தில் அந்தக் கல், அடுப்படியில் வேறு என்ற வரிசையில்தான் அந்த வீட்டாரின் அறிவு எழுதப்பட்டிருந்தது. கற்களைத் தனித்தனியே விற்றுவிட்டால் எழுத்துகள் மிஞ்சும், வாக்கியம் போய்விடும்.

சில்லாக வந்த பளிங்கு

செட்டிநாட்டுக்கு வெளியே, சாதாரணத் தமிழ்க் குடும்பம் பளிங்கை எப்போது மிதித்தது? இந்தக் கேள்விக்கு விடை எங்களுக்கே வியப்பாக இருந்தது. நம்மில் பலர் பிறந்து தவழ்ந்த மொசைக் தரைதான் அது! 1960-களிலிருந்து 80-கள் வரை நகரத்து வீடுகளிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பரவிய மொசைக், பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து கொட்டி, இறுகியபின் எந்திரத்தால் தேய்த்து இழைத்தது. வெட்டி மிஞ்சிய சில்லுகளை வீணாக்காமல் தரையாக்கும் இந்த உத்தியை வெனிஸ் நகரக் கைவினைஞர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். அரண்மனைக்குப் பலகை, நமக்குச் சில்லு. ஆனாலும் கல் ஒன்றே.

பலகைகளாகப் பளிங்கு வந்தது அதன்பிறகே. ராஜஸ்தானில் குவாரிகளும் அறுக்கும் ஆலைகளும் பெருகின. கிஷன்கட் பெருஞ்சந்தையாக வளர்ந்தது. அங்கிருந்து லாரிகள் தெற்கே வரத் தொடங்கின. வெளிநாட்டுப் பளிங்குக்கு இருந்த இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு 2016-இல் விலக்கப்பட்டது. இதற்கிடையே சூளையில் சுட்ட விட்ரிஃபைடு ஓடு வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதன் முகத்தில் இன்று அச்சடித்திருப்பது எது? கராராவின் சாம்பல் நரம்புகளைத்தான்! பளிங்கின் பெயரைப் படிகத்திடம் இருந்து வாங்கினோம். இப்போது பளிங்கின் முகத்தை வாங்கி ஓட்டுக்கு ஒட்டுகிறோம்.

இன்று வீடு கட்டுவோருக்கு

இவ்வளவு கதையும் கேட்ட பிறகு, 'சரி, எங்கள் வீட்டுக்குப் பளிங்கு போடலாமா?' என்று நண்பர்கள் கேட்பது நியாயம். போடலாம். ஆனால் எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்தக் கல் என்பது பிறகு. கூடம், பூசையறை, படுக்கையறை ஆகியவை பளிங்குக்கு உகந்தவை. சமையலறை மேடைக்கும் தரைக்கும் கிரானைட் ஏற்றது. அமிலம் ஊற்றிக் கழுவும் குளியலறையில் பளிங்கு வேண்டவே வேண்டாம்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை நம்பாதீர்கள். கடையில் பச்சைப் பளிங்கு என்று கிடைப்பவற்றில் பல செர்பென்டைன் என்ற வேறு கல். ஈரம் பட்டால் சில வகைகள் வளையும். நாட்டுக்கல், இத்தாலிக்கல் என்ற எந்தப் பெயரானாலும் ஒரு சிறு துண்டை வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, மஞ்சள் கரைத்த நீர் ஒரு சொட்டு, வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். எலுமிச்சை பட்ட இடம் மங்கும். அது பளிங்கின் பிறவிக்குணம். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கிக் கல் கறுத்தால், அது எண்ணெயையும் அப்படியே குடிக்கும் என்று பொருள். பலகையின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். வலை ஒட்டியிருந்தால் கல்லில் பலவீனமான இடங்கள் இருக்கலாம். வலையின் மேல் சாதாரணக் கலவை சரியாகப் பிடிக்காது. ஒரே பாறையிலிருந்து அறுத்த பலகைகளாகவே கேளுங்கள். வெட்டில் சேதாரம் போகுமென்பதால் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து அதே நரம்புள்ள கல் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பதிக்கும் வேலையில் விட்ருவியஸின் பாடம் இன்றும் செல்லும். அடித்தளம் காயாமலும் இறுகாமலும் மேலே கை வைக்கக் கூடாது. கலவை இல்லாமல் முதலில் அறை முழுவதும் பலகைகளைப் பரப்பி, நரம்புகள் எப்படி ஓடுகின்றன என்று வாசலில் நின்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பின்புறம் எண் இட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பளிங்கின் அடியில் வெள்ளைச் சிமெண்டே போக வேண்டும். சாம்பல் சிமெண்டின் நிழல் ஊடே தெரியும். பளிக்கறையின் குணம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது! பலகையை அமர்த்தியபின் மரச்சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பார் மேஸ்திரி. தட்டும்போது எங்காவது பொள்ளல் ஓசை வந்தால் அப்போதே எடுத்துக் கலவை நிரப்பச் சொல்லுங்கள். நாளை கட்டில் கால் விழுந்து உடையப்போவது அந்த இடம்தான்.

இழைப்பதற்கு அவசரப்படுத்தாதீர்கள். அடியிலுள்ள ஈரம் வெளியேறும் முன் மெருகேற்றினால் மஞ்சளும் உப்பும் பூக்கும். வேலை முடிந்த கையோடு சிமெண்டுக் கறையைப் போக்க அமிலம் ஊற்றிக் கழுவும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மற்ற ஓடுகளுக்குச் செய்வதைப் பளிங்குக்கும் செய்தால், புத்தம்புதுத் தரை அன்றே முதுமை அடைந்துவிடும். மேலே பூசும் பாதுகாப்புத் திரவம் கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும்; புளிப்பு அரிப்பதைத் தடுக்காது. அன்றாடம் துடைக்க வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வாசலில் ஒரு நல்ல மிதியடி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இவற்றையெல்லாம் பின்பற்ற முடியாத வீடு, நாள் முழுதும் செருப்புக்கால் புழங்கும் வீடு, துடைக்க ஆள் இல்லாத வீடு என்றால் சிவப்புத் தரையோ ஆத்தங்குடியோ கிரானைட்டோ போட்டுக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. லெப்பிடஸுக்கு வாசற்படியில் பளிங்கு வேண்டியிருந்தது; வாசற்படியில்தான் மணல் அதிகம் விழும் என்பதை அவர் யோசித்தாரா என்று பிளினி எழுதவில்லை.

பழைய வீடு ஒன்றைப் பார்க்க அடுத்தமுறை போகும்போது தூணையும் உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குனிந்து தரையையும் பாருங்கள். எந்த அறையில் எந்தக் கல், எங்கே அது மாறுகிறது, மாறும் இடத்தில் என்ன புழக்கம் இருந்திருக்கும் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். உங்கள் உறவினர் வீடு பிரிக்கப்படப் போகிறதென்றால், கல்லைப் பெயர்க்கும் முன் அந்தக் குறிப்பையாவது எடுத்துவிடுங்கள். கல்லை இத்தாலியிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் இன்னும் எத்தனை கப்பல், எத்தனை லாரி வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அதை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தவர்களின் கணக்கு அந்தத் தரைகளில் மட்டுமே இருக்கிறது.